விளங்காத இனம்

ஏப்ரல் முதல் தேதி, ஒன்றரைப் பக்க ஆணை
இரண்டு கூட்டுறவுச் சங்கங்களை ஒன்றாக்கியது.
பனையக்குடி மேசைகள் டிராக்டரில் வந்து
கோரையாற்றுக் கரைக் கட்டடத்தில் இறங்கின.
ஆட்கள் பின்னால் வந்தார்கள், பேசாமல்.

கூடத்தின் நடுவே ஒரு பீரோ.
யாரும் அங்கே வைக்கச் சொல்லவில்லை,
இறக்கிய இடத்தில் நின்றுவிட்டது.
கிழக்கே ஆற்றங்குடியார், மேற்கே பனையக்குடியார்.
இரண்டு தண்ணீர்க் குடம். இரண்டு கடை டீ.
சிட்டாவோடு வருகிறவரிடம்
"அந்தப் பக்கம் கேளுங்க" என்று
இரண்டு பக்கமும் சொல்லும்.

நான் செயலாளர்.
தஞ்சாவூரில் பயிற்சி கொடுத்திருந்தார்கள்,
மூன்று நாள், மதியச் சாப்பாட்டோடு.
முதல் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினேன்.
ஒரே குடும்பம் என்றேன். ஒரே படகு என்றேன்.
தையல்நாயகி உர மூட்டை எண்ணப் போய்விட்டாள்.
மாசிலாமணி மட்டும் கேட்டார்:
"படகுலேருந்து யாரு இறங்கணும்னு
லிஸ்ட் வந்துருச்சாங்களா?"
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
தண்ணீர் குடித்தேன்.

ஜூனில் மேட்டூர் திறந்த செய்தி
தண்ணீரை முந்திக்கொண்டு வந்தது.
குறுவை விதைக்கு
மூன்றரைப் பவுன் சங்கிலியோடு ஒரு பெண் நின்றாள்.
நகைப் பெட்டகத்துக்குச் சாவி இரண்டு.
ஒன்று என்னிடம்.
மற்றது பனையக்குடிக் காசாளர் அகோரமூர்த்தியிடம்.
அவர் வரவில்லை.
ஹாஜா நஜிமுதீன் மெமோ அடித்து நீட்டினார்.
கிழக்குப் பக்கம் முழுக்க என் பேனாவைப் பார்த்தது.
மேற்குப் பக்கமும்தான்.

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.
ஏழு கிலோமீட்டர்.
பாதி ரோட்டில் வாய்க்கால் தூர்வாரிய மண்.

மாட்டுக் கொட்டகையில் இருந்தார்,
மடியில் பழைய பேரேடு.
"கம்ப்யூட்டர்ல ஏத்தினா தெரிஞ்சுபோயிடும்."
பதினொரு வருடத்துக்கு முன் முந்நூற்று நாற்பது ரூபாய்.
எங்கே போனதென்று தெரியாமல்
ஒவ்வொரு மார்ச்சிலும் வேறு தலைப்பில்
மாற்றி மாற்றி எழுதி வந்திருக்கிறார்.
எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.
இட்லி இருந்தது, சாப்பிட்டேன்.

மறுநாள் காலை
என் கோப்பு ஒன்றை மேசையில் பிரித்தேன்.
வலங்கைமானில் இருந்தபோது
பயிர்க் காப்பீட்டுப் பட்டியலை
நான்கு நாள் தாமதமாக அனுப்பியவள் நான்.
பதினேழு பெயர். படித்தேன்.
"எனக்கு ஒரு இன்கிரிமென்ட் போச்சு.
அவங்களுக்கு ஒரு போகம் போச்சு.
லிஸ்ட் வருமான்னு தெரியாது.
வந்தா, வந்த அன்னிக்கே சொல்றேன்."

மின்விசிறிச் சத்தம்.
பிறகு ஹாஜா நஜிமுதீன், மெமோ அடித்தவர்,
தன் பேரேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.
"இங்க எண்பது ரூவா உதைக்குது."

மூன்று இரவு உட்கார்ந்தோம், கொசுவர்த்திப் புகையில்.
தையல்நாயகி வாசித்தாள், மாசிலாமணி டிக் போட்டார்,
அகோரமூர்த்தி ஒற்றை விரலால் தட்டினார்.
மேசைகளைச் சேர்த்துப் போட இடமில்லாததால்
பீரோ சுவரோரம் போனது.
எண்பது கிடைத்தது.
முந்நூற்று நாற்பது கிடைக்கவே இல்லை.
'விளங்காத இனம்' என்று ஒரு வரி எழுதி
அதன் கீழே ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம்.
யார் எந்தப் பக்கம் என்று
அந்தத் தாளைப் பார்த்தால் தெரியாது.

சங்கிலிக்காரி அன்றைக்கே
மன்னார்குடி அடகுக் கடைக்குப் போயிருந்தாள்.
அந்த வட்டி எங்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

ஆகஸ்டில் லிஸ்ட் வந்தது. இரண்டு பெயர்.
பதினொன்றரைக்குத் தபால், பன்னிரண்டுக்குள் சொன்னேன்.
"நான்தானா?" என்றார் மாசிலாமணி,
சிரித்த மாதிரி.
மாலை வரை இருந்து
மீதிப் பக்கங்களுக்கும் டிக் போட்டுவிட்டுப் போனார்.

ஆற்றில் தண்ணீர்
பாலத்தின் கண் நிறையப் போகிறது.
டீ இன்னும் இரண்டு கடையிலிருந்துதான் வருகிறது.
நான் இரண்டையும் குடிக்கிறேன்.